வெள்ளி சல்பாடயசின்

வெள்ளி சல்பாடயசின் என்பது சல்பாடயசின் என்னும் சல்பா மருந்து வெள்ளி அயனியுடன் இணைந்து உருவாகும் அணைவுச் சேர்மம் ஆகும். தீப்புண்களில் நுண்ணுயிர்த் தொற்றைத் தடுக்க இது 1% களிம்பாகப் பூசப்படுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லசு பாக்சு இதனை 1968இல் அறிமுகப்படுத்தினார்.

பின்னணி

1960களில் தீப்புண்களுக்கு 0.5% வெள்ளி நைத்திரேட்டுக் கரைசல் பயன்பட்டது. அதன் வெள்ளி, உடல் நீர்மத்தின் குளோரைடுடன் சேர்ந்து வீழ்படிவானதால் நோயாளி உப்புகளை இழந்தார். எனவே வெள்ளியைச் சிறிது சிறிதாக வெளிவிடும் சேர்மம் தேவைப்பட்டது.

தயாரிப்பு

சல்பாடயசினை நீர்த்த சோடியம் ஐதராக்சைடில் கரைத்து, வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலைச் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு கிடைக்கும். அதனைக் கழுவி, ஒளி படாமல் உலர்த்த வேண்டும். சல்போனமைடு நைதரசனில் இருந்த ஐதரசனின் இடத்தை வெள்ளி பெறுகிறது. சேர்மத்தின் எடையில் ஏறத்தாழ 30% வெள்ளியாகும்.

சோதனை

இத்தகைய அணைவுகளைச் சோதிக்க, நுண்ணுயிர் பரப்பிய அகார்த் தட்டில் சேர்மம் தோய்ந்த வட்டத்தாள் வைக்கப்படும். வளர்ச்சியற்ற வளையத்தின் விட்டம் மில்லிமீட்டரில் அளக்கப்படும். தனி மருந்தும் தனி உலோக உப்பும் உடன் ஒப்பிடப்படும். அன்றேல் எப்பகுதி செயற்படுகிறது என அறிய இயலாது. சல்பா மருந்துகளின் செயலை முறிக்கும் பாரா-அமினோபென்சாயிக் அமிலம் வெள்ளி சல்பாடயசினின் செயலை முறிப்பதில்லை. ஆகவே இதில் வெள்ளியே முதன்மையாகச் செயற்படுகிறது எனக் கருதப்படுகிறது.

வரம்புகள்

தட்டில் நுண்ணுயிரைக் கொல்லும் மருந்து புண்ணை விரைந்து ஆற்றும் என்பதில்லை. மகாராட்டிரத்தின் சோலாப்பூரில் மருத்துவர் எம். சுப்ரமணியம் 104 நோயாளிகளிடம் இக்களிம்பைத் தேனுடன் ஒப்பிட்டு 1991இல் வெளியிட்ட ஆய்வில், தேன் பூசிய புண்களே விரைந்து ஆறின. இக்களிம்பு புண் ஆறுவதைத் தாமதிக்கக்கூடும் எனப் பிந்தைய மீளாய்வுகளும் கூறின. சல்பா ஒவ்வாமை உள்ளோருக்கும் இரண்டு மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் இது தவிர்க்கப்படுகிறது.