காதுக்கு மருந்து, வாய்க்குப் பூட்டு

பொய் மருந்து விற்பவன் நோயாளியை ஏமாற்றுகிறான் என்பது யாவரும் அறிந்ததே. அவன் பத்திரிகையின் வாயையும் விலைக்கு வாங்கக்கூடும் என்பதைப் பலர் அறியார். அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இதற்குச் சான்றாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஒஹையோ இராஜ்யத்து டொலீடோ நகரில் எப். ஜே. செனி என்பாரின் கம்பெனி, 'ஹால்ஸ் கட்டார் க்யூர்' என்னும் பேடெண்டு மருந்தை விற்று வந்தது. நாட்பட்ட பீனிசமும் அதனால் வந்த செவிடும் இம்மருந்தால் தீராவிடில் நூறு டாலர் தருவதாக அது விளம்பரம் செய்தது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குச் செல்லும் சிறு குழாய் ஒன்று உண்டு. அது வீங்கி அடைபட்டால் காது இரையும், கேள்வி மங்கும். இவ்வளவும் அவ்விளம்பரத்தில் சரியாகவே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அதோடு நில்லாமல், இரத்தத்தில் கலந்து வேலை செய்யும் தங்கள் மருந்தை உள்ளுக்கு அருந்துவதொன்றே வழி என்று அது தாவிற்று! உண்மையை முன்னே நிறுத்திப் பொய்யைப் பின்னே அழைத்துவருவதே இவ்வியாபாரத்தின் சாமர்த்தியம். செவிட்டுக்குக் காரணங்கள் பல. அவை அனைத்துக்கும் ஒரே புட்டி மருந்தாகாது.

இதனினும் பெரிய தீங்கு வேறொன்று. செனி, பேடெண்டு மருந்து வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். பத்திரிகைகளோடு அவர் செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அந்த இராஜ்யத்தில் பேடெண்டு மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏற்படுமாயின் ஒப்பந்தம் ரத்தாகிவிடும் என்பதே அது. 'சிவப்பு ஷரத்து' என்று அது பெயர் பெற்றது. வருமானம் போய்விடுமென்று அஞ்சிய பத்திரிகை முதலாளி, வியாபாரி கேளாமலேயே சட்டத்தை எதிர்க்கலானான். அல்லது வாய்மூடி இருந்தான். மாஸாசூஸெட்ஸ் சட்டசபையில் இத்தகைய மசோதா ஒன்று விவாதிக்கப்பட்டபோது அங்குள்ள பத்திரிகைகளில் மிகப்பல மௌனம் சாதித்தன. 1905 நவம்பரில் மார்க் ஸல்லிவன் 'காலியர்ஸ்' பத்திரிகையில் இச்சூழ்ச்சியை அம்பலப்படுத்தினார்.

1906-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. சாராயம், அபினி, கொக்கெயின் முதலியவை கலந்திருந்தால் புட்டியின் மேல் குறிப்பிட வேண்டுமென்று அது விதித்தது. 1912-ல், நோய் தீர்க்குமென்று வஞ்சக நோக்கத்தோடு புட்டியில் பொய் எழுதுவதும் குற்றமாயிற்று. ஹால்ஸ் மருந்தின் பெயரிலும் தீர்க்குமெனப் பொருள்படும் 'க்யூர்' என்ற சொல் நீங்கி, வெறும் 'மருந்து' என்பதே நின்றது.

நம் நாட்டில் 1954-ல் இயற்றப்பட்ட ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையிலும் செவிடு இடம் பெற்றுள்ளது. எனினும் சட்டம் மட்டும் போதாது. சர்க்காரின் அடக்குமுறைக்கு அஞ்சாது நின்ற பத்திரிகையும் விளம்பரக்காரனின் பணப்பைக்கு அஞ்சுமாயின், அது சுதந்திரப் பத்திரிகை ஆகுமா? காது மந்தமானவர் தக்க வைத்தியரை நாடுக. பத்திரிகை வாசிப்போர், அதில் அச்சாவதை மட்டுமன்றி அச்சாகாததையும் கவனித்து, ஏன் அச்சாகவில்லை என்று கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடையிறுப்பது பத்திரிகை நடத்தும் எம்போன்றோரின் கடமை.