சொல்ல வந்தவர், கேட்கக் கற்றுக்கொண்ட கதை... தேரிக்காட்டில் ஓர் இளம் மிஷனரியின் ஒரு நாள்!

1841-ம் ஆண்டு. சென்னையிலிருந்து தெற்கே ஒரு வெள்ளைக்கார இளைஞர் நடந்து வருகிறார். வயது 27. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் என்றால் குதிரையில் வருவார், இல்லையென்றால் பல்லக்கில் வருவார். இவரோ சாலைப் புழுதியில் கால்நடையாக வருகிறார். துரை நடந்து வருவதா என்று ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

அவர் பெயர் ராபர்ட் கால்டுவெல். தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றி, நீலகிரி ஏறி இறங்கி, மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தார். நடந்துபோனால்தான் இந்த மக்களையும் அவர்கள் பழக்கவழக்கங்களையும் தெரிந்துகொள்ள முடியும் என்பது அவருடைய கணக்கு. அந்த ஆண்டின் இறுதியில் அவர் போய்ச் சேர்ந்த ஊர், திசையன்விளை அருகே உள்ள இடையன்குடி.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், சென்னை மெரினாவில் சிலையாக நிற்பவர் என்று கால்டுவெல்லை நமக்குத் தெரியும். ஆனால், அந்தப் பெயரெல்லாம் வருவதற்கு முன்னால் அவர் ஓர் இளம் மிஷனரி. ஊர் தெரியாது, வெயில் பழக்கமில்லை, மக்களின் பேச்சும் முழுதாகப் பிடிபடவில்லை. அப்படிப்பட்ட ஒருவருடைய தினசரி வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்?

இருபதுகளில் கப்பல் ஏறியவர்கள்

திருநெல்வேலிச் சீமைக்கு வந்த மிஷனரிகளில் பலர், இன்றைக்கு நாம் 'பையன்' என்று சொல்லும் வயதில் வந்தவர்கள்.

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று எல்லோரும் அடையாளம் சொல்லும் ஆலயத்துக்குக் காரணமான ரேனியஸ், 1814-ல் சென்னையில் இறங்கியபோது அவருக்கு வயது 23. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஜி.யு.போப்புக்கு 1839-ல் சென்னை வந்தபோது வயது 19தான். 1842-ல் அவர் தாமிரபரணியின் கீழ்ப்பக்கம், சாயர்புரத்துக்கு வந்து பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்தார். கால்டுவெல் 1838 ஜனவரியில் சென்னையில் கால்வைத்தபோது அவருக்கு 23 வயது.

அயர்லாந்தில் பிறந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர் கால்டுவெல். சென்னைக்கு வந்ததும் அவருக்கு முதல் வேலை பிரசங்கம் அல்ல, படிப்பு. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் இருந்து தமிழ் படித்தார். அவருக்குத் தமிழில் வழிகாட்டிய சக மிஷனரி ட்ரூ, அப்போது திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டுத் தமிழ் ஓரளவு கைவந்தது. ஆனால், தேரிக்காட்டில் பேசும் தமிழ் வேறு. அதைச் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் கிடையாது. ஆட்கள்தான் உண்டு.

விடியற்காலை மணி

இடையன்குடியைச் சுற்றிச் செம்மண் தேரி. கண்ணுக்கு எட்டிய தூரம் பனைமரம். காற்றடி காலத்தில் சிவப்பு மணல் பறந்து வந்து கண்ணிலும் சோற்றிலும் விழும். மிஷனரியின் நாள், இந்தப் பனையேறிகளின் நாளை ஒட்டித்தான் ஓடியாக வேண்டும்.

பதநீர்க் காலத்தில் பனையேறிகள் விடியும் முன்பே மரத்தடிக்குப் போய்விடுவார்கள். காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு ஆள் முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்குவார். வீட்டில் பெண்கள் அடுப்பைவிட்டு நகர முடியாது. பதநீரைச் சூடு ஆறாமல் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்ற வேண்டும்.

அதனால் மிஷன் ஊர்களில் அன்றைய நடைமுறை இப்படித்தான் இருந்தது. அதிகாலையில் ஆலய மணி அடிக்கும். வேலைக்குப் போகிறவர்கள் சிறிய ஜெபம் முடித்துவிட்டுப் போவார்கள். பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அடுப்பு வேலை ஓய்ந்த நேரத்தில் பெண்களுக்குப் பாடம். மாலையில் மறுபடியும் மணி, மறுபடியும் ஜெபம்.

நடுவில் வேறு வேலைகளும் வரும். காய்ச்சலுக்கு மருந்து கேட்டு ஒருவர் வருவார். வரப்புத் தகராறு, பனைமரத் தகராறு என்று இன்னொருவர் வருவார். சுற்றுவட்டார ஊர்களின் உபதேசியார்கள் வந்து, தங்கள் ஊரில் யார் செத்தார், யார் பிறந்தார், யார் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று கணக்குச் சொல்வார்கள். அவர்களுக்கும் மிஷனரி பாடம் எடுக்க வேண்டும். வெயில் தாழ்ந்ததும் அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

பிரசங்கமும் ஒருவர் பேச, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் விஷயமாக இல்லை. பேச்சின் நடுவே கேள்வி கேட்பார்கள். கூட்டம் பதில் சொல்லும். எழுதத் தெரிந்தவர்கள் எழுத்தாணியும் ஓலையுமாக உட்கார்ந்து குறிப்பு எடுப்பார்கள். பனையோலைக்குப் பஞ்சமா அந்த ஊரில்!

மிஷனரியை ஊர் மக்கள் 'ஐயர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ரேனியஸ் ஐயர், போப் ஐயர், கால்டுவெல் ஐயர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இந்தப் பெயர்கள் இன்றும் அப்படித்தான் வரும்.

எலிசா அம்மாவின் தமிழ்

1844-ல் கால்டுவெல்லுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் எலிசா மால்ட், நாகர்கோவிலில் ஊழியம் செய்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். இந்த மண்ணிலேயே வளர்ந்தவர். அவருக்குத் தமிழ் சின்ன வயதிலிருந்தே பேசிப் பழகிய மொழி.

கணவர் இலக்கணம் படித்துக் கற்ற தமிழ் ஒருபக்கம். மனைவி அக்கம்பக்கத்தில் விளையாடிக் கற்ற தமிழ் ஒருபக்கம். வீட்டு வாசலில் வந்து நிற்கும் பெண்களிடம் யார் பேச்சு சுலபமாக எடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எலிசா பெண் பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். நாகர்கோவிலில் தன் தாய் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை, இடையன்குடிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பனைவேலை இல்லாத மாதங்களிலும் பெண்கள் கையில் நாலு காசு புழங்க அது வழிசெய்தது. கால்டுவெல் பெயரைச் சொல்லும்போது எலிசாவின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

ஒரு புத்தகம் செய்த காயம்

இதுவரை படித்தால் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது போலத் தோன்றும். அப்படி இல்லை.

1849-ல் கால்டுவெல் ஒரு சிறிய ஆங்கில நூலை வெளியிட்டார். தான் யார் நடுவே வாழ்ந்தாரோ, அந்தப் பனையேறிச் சமூகத்தைப் பற்றிய நூல். இன்று நாடார் என்று அறியப்படும் அந்த மக்களின் அறிவைக் குறைத்து மதிப்பிட்டும், அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று பூர்வீகத்தை ஊகித்தும் அதில் எழுதியிருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊழியத்துக்கு ஆதரவு தர வேண்டும் என்பது நோக்கம். ஆனால், யாரைப் பற்றி எழுதினாரோ, அவர்களும் ஒருநாள் அதைப் படிப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

படித்தார்கள். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்களே படித்தார்கள். கோபம் கொண்டவர்களில் முக்கியமானவர் நாசரேத் பகுதியைச் சேர்ந்த சட்டாம்பிள்ளை. மிஷன் ஊழியத்தில் இருந்து வெளியேறிய அவர், 1857-ல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர்களின் தயவு இல்லாத தனிச் சபையையே நிறுவிவிட்டார். இந்துக் கிறிஸ்தவ சபை என்று அது அறியப்பட்டது. அங்கே ஆராதனை நாள் ஞாயிறு அல்ல, சனிக்கிழமை.

அந்த நூலுக்கு எதிர்ப்பு பல பத்தாண்டுகள் ஓயவில்லை. கடைசியில் நூல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

நாற்பது மரம் ஏறுகிறவனின் உழைப்பைத் தினமும் கண்ணால் பார்த்தவர்தான் கால்டுவெல். ஆனாலும், ஒரு மக்களைப் பற்றி அவர்களிடமே கேட்காமல் முடிவு கட்டினார். எட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்தும் அவருக்கு அந்தத் தவறு நேர்ந்தது.

அதே கால்டுவெல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட இடங்களும் உண்டு. தென்னிந்திய மொழிகளின் சொற்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இவை சம்ஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1856-ல் நிறுவினார். தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் உள்ள கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். கேட்டு எழுதியபோது அவர் எழுதியது நிலைத்தது. கேட்காமல் எழுதியதை உலகம் திருப்பிக் கொடுத்துவிட்டது.

வெள்ளாளன்விளைப் பையன்

கதையின் அடுத்த பகுதி, எந்தச் சமூகத்தை அந்த நூல் குறைத்துப் பேசியதோ, அதே சமூகத்திலிருந்து தொடங்குகிறது.

1874-ல் வெள்ளாளன்விளையில், ஊர்ப் பாதிரியார் ஒருவரின் வீட்டில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. மெஞ்ஞானபுரத்தில் பள்ளிப் படிப்பு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் மேல்படிப்பு. இருபதுகளில் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார்.

1902-ல் யாழ்ப்பாணம் போனவர், அங்கே ஒரு காட்சியைப் பார்த்தார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி, தங்கள் ஆட்களைக் கடல் தாண்டித் தமிழகக் கரையில் உள்ள தொண்டிப் பக்கம் ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் அனுப்பினால்தான் ஊழியமா, நாம் அனுப்பக் கூடாதா என்ற கேள்வியோடு அவர் ஊர் திரும்பினார்.

1903 பிப்ரவரி 12-ம் தேதி, திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியரின் பணம், இந்திய ஊழியர்கள், இந்தியரின் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1904-ல் சாமுவேல் பாக்கியநாதன் முதல் மிஷனரியாகப் புறப்பட்டார். போன இடம், நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல். இன்றைய தெலங்கானா.

அங்கே பேசுவது தெலுங்கு. இப்போது திருநெல்வேலித் தமிழர் அ, ஆ-விலிருந்து வேறு மொழி கற்க வேண்டும். தெரியாத ஊர், தெரியாத சாப்பாடு. அறுபது ஆண்டுகளுக்கு முன் இடையன்குடியில் கால்டுவெல் எந்த இடத்தில் நின்றாரோ, அதே இடத்தில் இப்போது இடையன்குடிப் பக்கத்துத் தமிழர்கள்!

ஆட்களை அனுப்பிவிட்டு அசரியா ஊரில் உட்கார்ந்திருக்கவில்லை. 1909-ல் குருப்பட்டம் பெற்று, 35 வயதில் அவரும் தோர்ணக்கல்லுக்குப் போனார். அவரும் தெலுங்கு கற்றார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போனார்.

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அங்கே அசரியா எழுந்து பேசியது, இன்றும் திருச்சபை வரலாற்றில் பேசப்படுகிறது. மிஷனரிகள் இந்தியாவுக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறார்கள், தங்களையே தியாகம் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்தியர்களைச் சமமாக நடத்தி நண்பர்களாகப் பழகுவது மட்டும் குறைவாக இருக்கிறது, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதே அந்தப் பேச்சின் சாரம். கேட்டவர்களில் சிலருக்கு முகம் சுருங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912 டிசம்பரில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அசரியா கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார்.

அவரும் கேள்விக்கு அப்பாற்பட்டவராக இருக்கவில்லை. தோர்ணக்கல் பகுதியில் ஊர் ஊராக மக்கள் மதம் மாறியதைக் குறித்து, 1930-களில் காந்திக்கும் அவருக்கும் கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. ஊழியம் என்பது எதுவரை, மதமாற்றம் என்பது எங்கே தொடங்குகிறது என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

இன்றைய 18 வயது

இளம் வயதில் வீட்டைவிட்டு ஊழியத்துக்குக் கிளம்பும் வழக்கம் இன்றும் உலகில் இருக்கிறது. மார்மன்கள் என்று அறியப்படும் அமெரிக்கத் திருச்சபையில், 2012 முதல் 18 வயதிலேயே ஆண்கள் ஊழியத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுகள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். எந்த நாட்டுக்கு என்பதைத் திருச்சபைதான் முடிவு செய்யும். வேறு மொழி பேசும் இடம் என்றால், முதலில் சில வாரங்கள் அந்த மொழியைப் படிக்க வேண்டும்.

2019-க்குப் பிறகு அவர்கள் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போனில் பேசவும் அனுமதி உண்டு. இடையன்குடியிலிருந்து கால்டுவெல் எழுதும் கடிதமோ கப்பலில் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். பதில் வருவதற்குள் ஊரில் ஒரு பதநீர்க் காலமே முடிந்துவிடும்.

வசதி மாறியிருக்கிறது. வேலையின் அடிப்படை மாறவில்லை. தெரியாத ஊரில், தெரியாத வீட்டுக் கதவைத் தட்டும் 18 வயதுப் பையனுக்கும் முதலில் தேவைப்படுவது, கதவைத் திறப்பவர் என்ன சொல்கிறார் என்று புரிந்துகொள்ளும் காதுதான்.

மணி இன்றும் அடிக்கிறது

கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28-ம் தேதி கொடைக்கானலில் காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1847-ல் தொடங்கி 1880 வரை, 33 ஆண்டுகள் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய தூய திரித்துவ ஆலயத்துக்குள் அவர் துயில்கிறார். அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியிருக்கிறது. அவர் கோடு போட்டு அமைத்த நேரான தெருக்களில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள்.

அசரியா 1945 ஜனவரி 1-ம் தேதி தோர்ணக்கல்லில் காலமானார். தேரிக்காட்டில் பிறந்தவர் தெலுங்கு மண்ணில் அடங்கினார். அயர்லாந்தில் பிறந்தவர் தேரிக்காட்டில் அடங்கினார். இருவருமே சொல்வதற்கென்று ஒன்றைச் சுமந்துகொண்டு புறப்பட்டவர்கள்தான். போன இடத்து மொழியில் கேட்கக் கற்றுக்கொண்ட பிறகே, போன இடம் அவர்களுக்குச் சொந்த ஊரானது.

திசையன்விளைப் பக்கம் போகிறவர்கள் ஒரு நடை இடையன்குடிக்கும் போய்வரலாம். சிவப்பு மணலும் பனையும் அப்படியே இருக்கின்றன. வெயில் நேரத்தில் போனால் வழியில் பதநீர் கிடைத்தாலும் கிடைக்கும். விற்கிற பெரியவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். கால்டுவெல் ஐயர் கதை அவரிடமும் ஒன்று இருக்கும்!