குளுக்கோசுமானியை அளக்குங் கோல்

அளவை கருவி எதுவாயினும், அது தரும் எண்ணை நம்புதற்கு முன்னர் அக்கருவியையே அளந்து பார்த்தல் விஞ்ஞான முறையின் முதற்படியாகும். வணிகனின் தராசு பிழைபடின் பொருளிழப்பே நேரும். நீரிழிவு நோயாளர் வீட்டிற் பயன்படுத்தும் குளுக்கோசுமானி பிழைபடினோ உயிருக்கே இடர் நேரலாம். அம்மானி காட்டும் எண்ணைக் கொண்டே பலர் தமக்குரிய இன்சுலினின் அளவைத் தீர்மானிக்கின்றனர். ஆதலின், அதன் திருத்தம் எவ்வாறு சோதிக்கப்படுகின்றது என்பதை அறிந்திருத்தல் நன்று.

1962 ஆம் ஆண்டில் லீலண்ட் கிளார்க், லயன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், நொதியமொன்றை மின்வாயுடன் இணைத்துக் குளுக்கோசை அளக்கும் கருத்தை வெளியிட்டனர். இக்காலக் கீலங்கள் பல அக்கருத்தின் வழிவந்தவையே. விரல்நுனிக் குருதி கீலத்தில் உறிஞ்சப்பட்டதும், அதிலுள்ள நொதியத்தின் உதவியாற் குளுக்கோசு ஒட்சியேற்றப்படுகின்றது. அப்போது விடுபடும் இலத்திரன்கள் மின்னோட்டமாக மானியை அடைகின்றன. குளுக்கோசு மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். அம்மின்னோட்டத்தையே மானி எண்ணாக மாற்றிக் காட்டுகின்றது.

எனவே, மானி குளுக்கோசை நேரே காண்பதில்லை. இடைப்பட்ட படி ஒவ்வொன்றும் வழுவுக்கு இடமளிக்கும். செங்குழியங்கள் குறைந்த குருதிச்சோகையாளரிடத்துப் பல மானிகள் உள்ளதிலும் உயர்ந்த எண்ணைக் காட்டும். ஈரக்காற்றுப்பட்ட கீலங்கள் கெடும். பழந்தொட்ட விரலைக் கழுவாது சோதிப்பின், விரலிலுள்ள வெல்லமும் குருதியின் வெல்லமாகவே கணக்கிடப்படும்.

இத்தகைய கருவிகளுக்குச் சர்வதேச நியமமொன்று உண்டு. 2013 இல் திருத்தப்பட்ட அந்நியமத்தின்படி, குறைந்தது 100 பேரின் குருதி, மூன்று வெவ்வேறு தொகுதிக் கீலங்களாலும், நம்பகமான ஆய்வுகூட முறையாலும் அளந்து ஒப்பிடப்படுதல் வேண்டும். ஆய்வுகூட அளவு ஒரு தெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலுமாயின், மானியின் அளவுகளில் 95 வீதமானவை அதனின்று 15 வீதத்துக்கு மேல் விலகலாகாது. 100 இற்குக் குறைந்ததாயின் விலகல் 15 மில்லிகிராமை மிஞ்சலாகாது.

இதன் பொருள் யாது? உண்மையளவு 180 ஆயின், 153 முதல் 207 வரை எந்த எண்ணும் ஏற்கப்படும். இங்கு மருத்துவத் தீர்மானம் பெரும்பாலும் மாறாது. ஆனால் உண்மையளவு 65 ஆயிருக்க மானி 80 எனக் காட்டினும், அது நியமத்துக்கு உட்பட்டதே. 70 இற்குக் குறைந்தவுடன் வெல்லம் உட்கொள்ள வேண்டியவர், அவ்வெண்ணை நம்பி வாளாவிருந்துவிடக்கூடும். எனவே, வழுவின் பருமனை மாத்திரமன்றி, அது நிகழும் இடத்தையும் நோக்குதல் இன்றியமையாததாகும்.

நியமம் இருப்பதனால் மாத்திரம் எல்லா மானிகளும் அதனை எட்டிவிடும் எனக் கொள்ளுதலும் தவறு. அமெரிக்காவின் நீரிழிவுத் தொழினுட்பக் கழகம் விற்பனையிலிருந்த 18 மானிகளை ஆராய்ந்து, 2018 இல் முடிவுகளை வெளியிட்டது. மூன்று தனித்தனிச் சோதனைகளிலும் தேறியவை ஆறு மாத்திரமே.

வீட்டிற் செய்யத்தக்க சோதனைகள் இரண்டு. முதலாவது, மானிக்கென விற்கப்படும் கட்டுப்பாட்டுக் கரைசலை இட்டு, கீலப்புட்டியிற் குறித்த எல்லைக்குள் எண் அமைகின்றதா எனக் காணல். இது கருவியும் கீலமும் இயங்குவதை உணர்த்துமேயன்றி, நோயாளரின் குருதியில் மானி திருத்தமாய் அளப்பதை நிறுவாது. இரண்டாவது, ஆய்வுகூடத்திற் குருதி எடுக்கும் அதே வேளையில் மானியாலும் அளந்து ஒப்பிடுதல். இதனை வெறுவயிற்றிற் செய்தல் வேண்டும். உணவுக்குப்பின் விரற்குருதியின் குளுக்கோசு நாளக் குருதியிலும் உயர்ந்திருக்கும். எடுத்த குருதி நெடுநேரங் கிடப்பின், குருதிக்கலங்கள் குளுக்கோசை நுகர, ஆய்வுகூட எண் தாழும். அப்போது மானியின்மீது வீண்பழி சாரும்.

ஒருமுறை ஒப்பிட்டு முடிவுசெய்தலும் தகாது. பன்முறை ஒப்பிட்டபோதும் விலகல் ஒரே திசையில் அமையின் மானி சாய்வுடையது. இருதிசையிலுஞ் சிதறின் அதன் அளவு நிலையற்றது. எல்லை கடந்த விலகல் எவ்வகையினதாயினும் மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும்.

உடல் நடுங்கி வியர்க்கையில் மானி நல்லெண்ணைக் காட்டின், கைகழுவி மீண்டும் அளத்தல் வேண்டும். ஐயந்தீராவிடின் உடற்குறியையே நம்பி வெல்லம் உட்கொள்ளுதல் பாதுகாப்பானது. மானி அறிவுக்குத் துணையாகுமேயன்றி, அறிவின் இடத்தைப் பெறாது.