குத்தூசி எட்டாத மணி

தானிய மண்டியில் மூட்டைக்கு விலை பேச வருகிற வியாபாரி, மேலே தெரியும் மணிகளின் மினுமினுப்பில் மயங்காது, குத்தூசியை ஆழச் செலுத்தி, அதில் வந்த ஒரு கைப்பிடியைக் கொண்டே மூட்டை முழுவதையும் மதிப்பிடுகிறார். ஜனங்களின் மனநிலையை அறிய முற்படும் உளவியலாருக்கும் இந்த யுக்தியே ஆதாரம். ஆயினும் மனிதக் கூட்டத்தில் குத்தூசி இறங்குவது அத்தனை சுலபமன்று.

காரமடை அரங்கநாதரின் மாசித் தேர்த்திருவிழாவில், பந்தசேவை, தண்ணீர்ச் சேவை ஆகிய வழிபாடுகளுக்குத் திரண்டவர்களில் ஆயிரம் பேரிடம், மனம் நிம்மதியாக இருக்கிறதா என்று ஒருவர் விசாரிப்பதாகக் கொள்வோம். பெரும்பாலோர், "நல்லாத்தானுங்க இருக்குது" என்பர். துக்கம் மிகுந்து வாசற்படி தாண்டாதவரும், கூட்டத்தைக் கண்டாலே நெஞ்சு படபடப்பவரும் அங்கே வந்திரார். எவரைத் தேடுகிறோமோ அவரே கணக்கில் விடுபடுவார்.

ஆயிரத்தை லட்சமாக்கினாலும் இக்குறை தீராது. 1936ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது, 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை, டெலிபோனும் மோட்டாரும் உடைய வசதி படைத்தவர்களின் பட்டியல்களையே பெரிதும் நம்பி, சுமார் 1 கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட பதில்களைப் பெற்று, வேட்பாளர் லாண்டன் ஜயிப்பார் என்றது; எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட்டோ 48 ராஜ்யங்களில் 46ஐக் கைப்பற்றினார். மிகச் சிலரையே விசாரித்த கருத்துக் கணிப்பாளர் ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்ட்டின் வெற்றியை முன்னரே சொல்லியிருந்தார்.

இக்குறையைத் தவிர்க்க வழி உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மாவட்டம், தாலுகா, கிராமம், வீடு என்று படிப்படியாக இறங்கி, எவர் விருப்பத்துக்கும் இடமின்றிக் குலுக்கல் போன்ற முறையில் தேர்ந்த வீடுகளில், வயது வந்த 34,802 பேரை விசாரித்தது; அவர்களுள் 10.6 சதவீதத்தினரிடம் மனநலக் கோளாறு காணப்பட்டது. நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் வரையானோர் சிகிச்சையே பெறாதிருந்தனர் என்பதும் தெரிந்தது. ஆகவே ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் புரட்டுபவர், மூட்டையின் மேல்மணியைப் பார்த்துத் திரும்பியவரே.

வீட்டைத் தேர்ந்தபின்னும் சோதனை ஓய்வதில்லை. மாமியார் திண்ணையில் அமர்ந்திருக்க, மருமகள் தன் மனக்கிலேசத்தை அந்நியரிடம் உரைப்பாளா? தனிமையும் நம்பிக்கையும் வாய்க்காவிடில், "ஒண்ணுமில்லைங்க" என்பதே விடையாகும். சிறுமுகைப் பக்கம் ஒரு வீடு பூட்டிக்கிடந்தால், அடுத்த வீட்டாரைக் கேட்டுப் படிவத்தை நிரப்பிவிடச் சபலம் தோன்றும். அந்தச் சபலத்தை வென்று, வேலைக்குப் போனவர் திரும்பும் அந்திப் பொழுதில் அதே கதவை மறுபடியும் தட்டுகிறவர் கையில்தான் குத்தூசி அடிமணியைத் தொடுகிறது.