சால்மனுக்கேற்ற முள் எது?

பசிபிக் சால்மன் மீன்களின் பேரினத்துக்கு ஆன்கோரிங்கஸ் என்று பெயர். கிரேக்கத்தில் 'கொக்கி மூக்கு' என்று பொருள். முட்டையிடும் பருவம் நெருங்கி ஆற்றில் எதிரேறும்போது ஆண் சால்மனின் தாடை நீண்டு, நுனி கொக்கிபோல வளைந்துவிடும். அதைப் பார்த்து வைத்த பெயர் இது. வானவில் டிரவுட்டையும் 1989 முதல் இதே பேரினத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விட்டார்களே, அந்த மீன்தான்.

இந்தக் கொக்கி மூக்கு மீனைப் பிடிக்கிற கொக்கியைப் பற்றியது இந்தக் கட்டுரை. தூண்டில்காரர்கள் போலி இரையின் நிறத்தையும் மினுக்கத்தையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். அதன் வாலில் தொங்கும் முள்ளை மட்டும் கடையில் வந்தபடியே விட்டுவிடுவார்கள். மீனைக் கவர்வது போலி இரை. ஆனால் கவ்விய மீன் படகுக்கு வந்து சேருமா என்பதும், விட வேண்டிய மீன் உயிரோடு திரும்புமா என்பதும் முள்ளைப் பொறுத்தது.

படகு இழுக்கும் தூண்டில்

டிராலிங் என்றதும் நமக்கு இழுவைப்படகும் மடிவலையும்தான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது ட்ரோலிங். வலையே கிடையாது. மெதுவாக ஓடும் படகின் பின்னால் நைலான் நரம்பில் போலி இரையைக் கட்டி இழுத்துச் செல்லும் முறை இது. சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் படகின் வேகம் பெரும்பாலும் மணிக்கு இரண்டரை முதல் ஐந்து கிலோமீட்டர்தான். மனிதன் நடக்கிற வேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் என்னும் உட்கடல், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரை, வட அமெரிக்காவின் உள்ளே மிச்சிகன் போன்ற பேரேரிகள் ஆகியவை இதற்குப் பேர்போனவை. பேரேரிகளில் பசிபிக் சால்மன் இயற்கையாக இருந்ததில்லை. மிச்சிகன் ஏரியில் ஏல்வைஃப் என்ற சிறுமீன் அளவுக்கு மீறிப் பெருகி, கூட்டங்கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தின்று கட்டுப்படுத்தவும், தூண்டில் மீன்பிடிப்பை வளர்க்கவும் ஹோவர்ட் டானர் என்ற மீன்வளத்துறை அதிகாரியின் முயற்சியில் 1966இல் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். அடுத்த ஆண்டு சினூக் சால்மனும் வந்தது. அந்த ஏரியின் ட்ரோலிங் இன்று இவ்வளவு செழிப்பாக இருப்பதற்கு அதுதான் தொடக்கம்.

சினூக் குளிர்ந்த நீரைத் தேடி ஆழத்துக்குப் போகும் மீன். அந்த ஆழத்துக்கு இரையைக் கொண்டுபோக, நாலரை முதல் ஐந்தரை கிலோ எடையுள்ள ஈயக்குண்டு ஒன்றைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பால் கவ்வ வைத்திருப்பார்கள். மீன் இரையைக் கவ்வியதும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும். கழி அதுவரை படகின் ஓரத்தில் செருகியபடி நிற்கும்.

குளக்கரையில் தூண்டில் போடுகிறவர் தக்கை அமிழ்ந்ததும் கழியை வெடுக்கென்று சுண்டுவார். அந்தச் சுண்டலில் முள் ஏறும். ட்ரோலிங்கில் மீன் கவ்வும் நொடியில் கழியைப் பிடித்திருக்க ஆளே இல்லை. படகின் ஓட்டமும் நரம்பின் இழுப்பும் மட்டும்தான் முள்ளை ஏற்ற வேண்டும். ஆகவே சிறிய இழுப்பிலேயே தானாகத் தைக்கிற முள்தான் இங்கே வேண்டும்.

முள்ளின் உறுப்புகள்

முள்ளின் ஒரு முனையில் நரம்பையோ வளையத்தையோ கோக்கிற துளை இருக்கும். ஊசிக்குச் சொல்வதுபோல அதைக் காது என்றே சொல்லலாம். காதிலிருந்து நேராக இறங்குவது தண்டு. அது வளைந்து திரும்பி முனையில் முடியும். முனைக்குச் சற்றுக் கீழே, எதிர்ப்பக்கம் பார்த்தபடி செதில்போல ஒரு சிறு வெட்டு இருக்கும். அதுதான் எதிர்முள். தைத்த முள் பின்னால் நழுவாமல் தடுப்பது அதன் வேலை. முனைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள தூரம் முள்ளின் வாயகலம். தாடையின் எலும்பைச் சுற்றிக்கொண்டு முள் ஆழமாகப் பிடிக்குமா, தோலில் மட்டும் தொற்றுமா என்பதை இந்த வாயகலம்தான் தீர்மானிக்கும்.

அளவைச் சொல்லும் எண்கள் புதியவர்களைக் குழப்பும். 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். ஒன்றைத் தாண்டியதும் 1/0, 2/0, 3/0 என்று எண்ணோடு முள்ளும் வளரும். ஒரு நிறுவனத்தின் 3/0 இன்னொரு நிறுவனத்தின் 3/0-ஐவிடப் பெரிதாக இருக்கவும் கூடும். எண்ணை மட்டும் நம்பாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

கம்பியின் தடிமனை 2எக்ஸ், 3எக்ஸ் என்று பெட்டியில் குறித்திருப்பார்கள். எக்ஸ் கூடினால் அதே அளவு முள்ளுக்குத் தடித்த கம்பி என்று பொருள். மெல்லிய கம்பி எளிதாகத் தைக்கும், பெரிய மீன் இழுத்தால் நிமிர்ந்தும் விடும். தடித்த கம்பி நிமிராது, ஆனால் தைப்பதற்குக் கூடுதல் விசை கேட்கும். முள் தேர்வு என்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே இடம் பார்ப்பதுதான்.

ஒற்றை முள்ளா, மூன்று முள்ளா?

கடையில் வாங்கும் ஸ்பூன் என்னும் தகட்டு இரைகளிலும் மீன் வடிவ பிளக்குகளிலும் பெரும்பாலும் மூன்று முனையுள்ள முள்தான் இருக்கும். மீன் எந்தப் பக்கமிருந்து பாய்ந்தாலும் ஒரு முனையாவது படும் என்பது அதன் பலம். பலவீனங்களும் உண்டு. ஒரே எடைக்குள் மூன்று முனைகளை அடக்குவதால் ஒவ்வொன்றின் வாயகலமும் சிறியது. இரண்டு முனைகள் ஒரே நேரத்தில் பட்டால் இழுக்கும் விசை பங்காகிவிடும். இரண்டுமே ஆழமாகத் தைக்காமல் போகலாம். மீன் உருளும்போது ஒரு முனை தாடையில் ஊன்றிக்கொண்டு மற்றதை நெம்பி எடுத்துவிடுவதும் உண்டு. கண்ணிலும் செவுளிலும் மாட்டுவதும், கைவலையில் சிக்குவதும், கழற்றுகிறவர் விரலைப் பதம்பார்ப்பதும் மூன்று முள்ளில்தான் அதிகம்.

ஒற்றை முள்ளில் எல்லா விசையும் ஒரே முனையில் இறங்கும். வாயகலம் பெரிது, தாடையின் மூலையில் ஏறினால் அப்படியே உட்காரும். பசிபிக் கரையில் சால்மன் பிடிப்பவர்களில் பலர் ஒற்றை முள்ளையே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு ஸ்பூனில் முள் மாற்றுவோம்

ஸ்பூன் என்பது கரண்டியின் குழிபோல வளைந்த உலோகத் தகடு. அமெரிக்காவில் ஜூலியோ புவெல் என்பவர் 1852இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ஸ்பூன் நம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாலில் சாவிக்கொத்து வளையம்போல ஒரு சிறு வளையம், அதில் 2-ஆம் எண் மூன்று முள். இதை ஒற்றை முள்ளாக மாற்ற வேண்டும்.

முதலில் எடை. இழுபடும்போது ஸ்பூன் இடமும் வலமுமாகத் தள்ளாடுவதுதான் காயம்பட்ட சிறுமீனின் தோற்றத்தைத் தருகிறது. வாலில் எடை கூடினால் தள்ளாட்டம் மந்தமாகும். எடை குறைந்தால் ஸ்பூன் கட்டுக்கடங்காமல் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். மூன்று தண்டு சேர்ந்த முள்ளுக்குப் பதிலாக ஒற்றைத் தண்டு வருவதால், எடையை ஈடுகட்ட ஒற்றை முள் பெரிதாக இருக்க வேண்டும். இந்த ஸ்பூனுக்கு 1/0 அல்லது 2/0 பொருந்தும்.

அடுத்தது முள் நிற்கும் திசை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. காதின் திசை பொருந்தாத ஒற்றை முள்ளை அந்த வளையத்தில் கோத்தால், அது தகட்டோடு தகடாகப் படுத்துக்கொள்ளும். முனை பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். தகட்டுக்குச் செங்குத்தாக நிமிர்ந்து நின்றால்தான் மீனின் வாய்க்குள் முனை தடையில்லாமல் படும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. மேற்குக் கரையில் 'சைவாஷ்' என்ற பெயரில் விற்கும் நீண்ட தண்டுள்ள முள்ளின் காது திறந்தே இருக்கும். வளையத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் காதை ஸ்பூனின் துளையிலேயே நேராகக் கோத்து, கொறடால் அழுத்தி மூடிவிட்டு, முள் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்கலாம். வளையத்தை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், வளையத்தில் நிமிர்ந்து நிற்கும்படி காது அமைந்த முள் வாங்க வேண்டும்.

கடைசியாகச் சோதனை. நரம்பை நீளவிடுவதற்கு முன், படகின் பக்கத்திலேயே ஸ்பூனை நீரில் விட்டு, ஓடும் வேகத்தில் அதன் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். தள்ளாட்டம் சீராக இருந்தால் முள் பொருந்திவிட்டது. மந்தமாகத் தெரிந்தால் ஒரு அளவு சிறிய முள், சுழன்றால் ஒரு அளவு பெரிய முள்.

மீனுக்கு மீன் வேறு

சினூக்தான் பசிபிக் சால்மன்களில் மிகப் பெரியது. அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் 1985இல் தூண்டிலில் பிடிபட்ட சினூக் 44 கிலோ எடை. எலும்பும் பல்லும் நிறைந்த உறுதியான தாடை, நீண்ட ஓட்டம். இதற்கு 3/0 முதல் 5/0 வரை, தடித்த கம்பியில் ஒற்றை முள் வேண்டும்.

கோஹோ எடையில் சிறியது, சேட்டையில் பெரியது. துள்ளும், உருளும், நரம்பைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும். கனமான போலி இரை முள்ளோடு இறுகப் பிணைந்திருந்தால், உருளுகிற மீனுக்கு அதுவே கடப்பாரைபோல நெம்புகோலாகிவிடும். முள்ளுக்கும் இரைக்கும் நடுவே சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தால் அந்த நெம்புவிசை அறுபடும். பேரேரிகளில் பிரபலமான ஜே-பிளக் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டது. மீன் மாட்டியதும் பிளக்கின் உடல் நரம்பில் மேலே நழுவிப் போய்விடும். மீனின் வாயில் முள் மட்டும் நிற்கும்.

கோக்கனி என்பது கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் சாக்கை சால்மன். வாய் மிக மென்மையானது. பலமாக இழுத்தால் கிழிந்துவிடும். இதற்கு 6, 4 போன்ற சிறு முட்கள், மெல்லிய கம்பி, ஊசிபோன்ற கூர்மை வேண்டும். ஏரி டிரவுட்களுக்கும் சிறிய ஸ்பூனில் ஏறக்குறைய இதே அளவுகள் பொருந்தும்.

எதிர்முள் எதற்கு?

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்பகுதியில் சால்மன் பிடிக்க எதிர்முள் இல்லாத முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். பியூஜெட் சவுண்டிலும் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத ஒற்றைமுனை முள்தான் விதி. காரணம் இருக்கிறது. பியூஜெட் சவுண்டின் இயற்கைச் சினூக்குகளை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்கள் சட்டத்தின் கீழ் 1999இல் அமெரிக்க அரசு பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. பொரிப்பகத்தில் வளர்க்கும் குஞ்சுகளுக்கு முதுகின் பின்புறம் உள்ள சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிட்டு விடுகிறார்கள். பல இடங்களில், பல பருவங்களில், துடுப்பு வெட்டிய மீனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். துடுப்போடு வருவதைத் திரும்ப விட்டுவிட வேண்டும். இரையைக் கவ்விய மீன் எந்த வகை என்பது படகருகே வந்த பிறகுதான் தெரியும்.

எதிர்முள் இல்லாவிட்டால் மீன் தப்பிவிடாதா என்ற பயம் இயல்பானது. நரம்பைத் தொய்யவிடாமல் சுற்றினால் பெரும்பாலும் தப்பாது. ட்ரோலிங்கில் படகு ஓடிக்கொண்டே இருப்பதால் தொய்வு ஏற்படும் வாய்ப்பும் குறைவு. எதிர்முள் இல்லாததில் லாபமும் உண்டு. எதிர்முள் உள்ள இடத்தில் முள் தடிமனாக இருக்கும். அது தசைக்குள் நுழையக் கூடுதல் விசை வேண்டும். அது இல்லாதபோது சிறிய இழுப்பிலேயே முள் வளைவு வரை ஏறிவிடும். ஆள் கை படாமல் தானாகத் தைக்க வேண்டிய தூண்டிலுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. இதற்காகப் புது முள் வாங்கவும் தேவையில்லை. இருக்கிற முள்ளின் எதிர்முள்ளைக் கொறடால் அழுத்தித் தட்டையாக்கினால் போதும்.

கூர்மையும் பராமரிப்பும்

எவ்வளவு பார்த்து வாங்கினாலும் முனை மழுங்கினால் எல்லாம் வீண். முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து, அழுத்தாமல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தைக் கீறிக்கொண்டு நின்றால் கூர். வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கல். பெரிய முள்ளைச் சிறு அரத்தால் முனையை நோக்கி இரண்டு மூன்று முறை தீட்டலாம். அமிலத்தில் தோய்த்துக் கூராக்கிய சிறு முட்களை அரத்தால் தீட்டுவதைவிட மாற்றிவிடுவதே மேல். கடலில் பயன்படுத்திய முட்களை வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் போட்ட ஒரு முள் பக்கத்தில் உள்ளவற்றையும் துருப்பிடிக்க வைக்கும்.

புது ஸ்பூன் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல முள்ளுக்கு ஒதுக்குங்கள். மீனின் வாய்க்கேற்ற அளவும், நிமிர்ந்து நிற்கும் ஒற்றை முனையும், தட்டையாக்கிய எதிர்முள்ளும் இருக்கட்டும். ஒவ்வொரு முறை நரம்பை நீரில் விடுவதற்கு முன்பும் முனையை நகத்தில் வைத்துப் பாருங்கள். கொழுப்புத் துடுப்போடு ஒரு சினூக் வந்தால் தண்ணீரைவிட்டு வெளியே தூக்காமல், தண்டைக் கொறடால் பிடித்து ஒரு திருப்புத் திருப்புங்கள். முள் கழன்றுவிடும், மீன் தன் வழியே போகும்.