புற்றுநோயின் பழுதறிந்து தரும் மருந்து

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. அதுவும் கருப்பை, சூலகம் முதலிய உறுப்புகளில் அந்நோய் வந்துவிட்டால், பெண்கள் தம் உடன்பிறந்தவளிடம் சொல்லவும் கூசுகின்றனர். பேசாதிருப்பதால் நோய் போய்விடுவதில்லை. காலந்தாழ்த்திக் கண்டறியப்படுகிறது, அவ்வளவே. ஆகவே, அன்பு மாணவியரே, இந்நோய்களுக்கு மருந்து காணும் முறையில் அண்மைக் காலத்தில் ஏற்பட்டுள்ள ஒரு பெரும் மாற்றத்தைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பழைய முறை

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. அவை அளவோடு பெருகி, அளவோடு மடிகின்றன. இவ்வொழுங்கை மீறி ஓர் உயிரணுக் கூட்டம் கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்றுநோய். நெடுங்காலம் மருத்துவர்கள் அந்நோயை அது தோன்றிய இடத்தைக் கொண்டே வகைப்படுத்தினர். சூலகத்தில் தோன்றினால் இம்மருந்து, கருப்பையில் தோன்றினால் அம்மருந்து என்பது வழக்கம். 1970களின் இறுதியில் பயனுக்கு வந்த பிளாட்டினம் சேர்ந்த மருந்துகள் எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியுள்ளன. இன்றும் காப்பாற்றி வருகின்றன. ஆயினும் விரைந்து பெருகும் உயிரணு எதுவாயினும் அம்மருந்துகள் தாக்கும். நல்லதும் கெட்டதும் சேர்ந்தே அடிபடும். மேலும், ஒரே நோய் என்று பெயரிடப்பட்ட இரு பெண்களுள் ஒருத்தி குணமடைவதும் மற்றவள் குணமடையாததும் ஏன் என்பது புரியாத புதிராகவே இருந்தது.

துறவியின் தோட்டத்திலிருந்து

அப்புதிரை அவிழ்க்கும் நூலின் முதல் முனை ஒரு கத்தோலிக்கத் துறவு மடத்தின் தோட்டத்தில் கிடைத்தது. புனித அகுஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டல், இன்று செக் நாட்டிலுள்ள புரூனோ நகரில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கின்படியே செல்கின்றன என்பதைக் கண்டு 1865இல் எடுத்துரைத்தார். அப்பண்புகளைச் சுமந்து செல்பவற்றையே நாம் இன்று மரபணுக்கள் அல்லது ஜீன்கள் என்கிறோம். ஒவ்வொரு மரபணுவிலும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது.

சில குடும்பங்களில் தாய், மகள், பேத்தி என மார்பகப் புற்றுநோய் தொடர்ந்து வருவதை அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் அம்மையார் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இத்தனை சிக்கலான நோயில் ஒரு தனி மரபணு பெரும் பங்கு கொள்ளக்கூடும் என்பதைப் பலர் நம்பவில்லை. அம்மையார் மனந்தளராது உழைத்து, அத்தகைய மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் நிலைநாட்டினார். பி.ஆர்.சி.ஏ.1 என்று பெயர் பெற்ற அது 1994இல் பிரித்தறியப்பட்டது. அதன் துணையான பி.ஆர்.சி.ஏ.2, 1995இல் கண்டறியப்பட்டது. இவற்றில் பழுது இருந்தால் மார்பகத்தில் மட்டுமன்றிச் சூலகத்திலும் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. சூலகப் புற்றுநோயுற்ற பெண்களுள் ஏறக்குறைய 100க்கு 15 பேரிடம் இப்பிறவிப் பழுது காணப்படுகிறது.

இரண்டு தையற்காரிகள்

இம்மரபணுக்களின் வேலை என்ன? நம் தையல் வகுப்பைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். மரபணுக்கள் எழுதப்பட்டுள்ள டி.என்.ஏ. என்பது இரண்டு இழைகள் முறுக்கிய நீண்ட நூல் போன்றது. அந்நூல் நாள்தோறும் ஆங்காங்கே அறுபடும். அதைத் தைப்பதற்கு உயிரணுவுக்குள் பல தையற்காரிகள் உண்டு. ஓர் இழை மட்டும் அறுந்தால் அதைச் சீர்செய்யப் 'பார்ப்' என்னும் புரதம் ஓடி வரும். இரண்டு இழைகளும் ஒருங்கே அறுந்துவிட்டால் அது பெரிய கிழிசல். அதைப் பிழையின்றித் தைப்பதற்குப் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் வேண்டும். அளவு ரவிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புது ரவிக்கை தைப்பது போல, அவை டி.என்.ஏ.வின் மற்றொரு பிரதியைப் பார்த்து அப்படியே தைக்கின்றன.

பழுதுள்ள பிரதி ஒன்றுடன் பிறந்த பெண்ணின் உடலில் மற்றொரு நல்ல பிரதி இருப்பதால், அவளுடைய உயிரணுக்களில் தையல் வேலை நடந்துகொண்டே இருக்கும். யாதோ ஓர் உயிரணுவில் அந்நல்ல பிரதியும் கெட்டுவிட்டால், அங்கே பெரிய கிழிசல்கள் சரிவரத் தைக்கப்படுவதில்லை. பிழைகள் மலிகின்றன, புற்று தோன்றுகிறது. ஆக, கட்டியின் உயிரணுக்களில் ஒரு தையற்காரி இல்லை. உடலின் மற்ற உயிரணுக்களில் இருவரும் இருக்கின்றனர்.

இவ்வேறுபாடே மருந்துக்கு வழிகாட்டியது. பார்ப் என்னும் தையற்காரியையும் மருந்தினால் தடுத்துவிட்டால் என்ன ஆகும்? சிறு கிழிசல்கள் பெருங்கிழிசல்களாகும். நலமான உயிரணு பி.ஆர்.சி.ஏ. உதவியால் பிழைத்துக்கொள்ளும், கட்டியின் உயிரணுவோ தைப்பாரின்றி மடியும். பிரிட்டனில் பணியாற்றிய இரண்டு ஆய்வுக் குழுக்கள் 2005இல் ஆய்வுக்கூடத்தில் இதை மெய்ப்பித்தன. புற்றுநோய்க்குக் காரணமாயிருந்த குறையே அதன் அழிவுக்கும் வாயிலாயிற்று.

சோதனைகள் சொன்னவை

ஆய்வுக்கூடத்தில் நடப்பதெல்லாம் மனித உடலில் நடந்துவிடாது. ஓலபாரிப் என்னும் மருந்தைக் கொண்டு பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 60 நோயாளிகளிடம் நடந்த முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2009இல் வெளிவந்தன. பி.ஆர்.சி.ஏ. பழுதுடையவர்களிடம் மட்டுமே கட்டி சுருங்கியது. கொள்கை சரியென்று தெரிந்தது.

அடுத்துப் பெரிய சோதனை. சூலகப் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டு, பிளாட்டினம் மருந்துகளால் பயனடைந்த, பி.ஆர்.சி.ஏ. பழுதுள்ள 391 பெண்கள் அதில் சேர்ந்தனர். குலுக்கல் முறையில் 260 பேருக்கு ஓலபாரிப் மாத்திரையும், 131 பேருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் ஒதுக்கப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 'நோயுற்றவளுக்கு வெற்று மாத்திரையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அக்காலத்தில் இந்நிலையிலுள்ள நோயாளியரைச் சிகிச்சை முடிந்தபின் கண்காணித்து வருவதே பொதுவான வழக்கமாயிருந்தது. ஆகவே இருந்த சிகிச்சை எதுவும் அவர்களுக்கு மறுக்கப்படவில்லை. மருத்துவரின் ஆசையும் நோயாளியின் நம்பிக்கையும் கணக்கைத் திரித்துவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு.

முடிவு 2018இல் வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளுக்குப்பின் நோய் மீளாது உயிரோடிருந்தோர், மருந்துண்டவர்களில் 100க்கு 60 பேர். மற்றவர்களில் 27 பேர். ஏழு ஆண்டுகளுக்குப்பின் கணக்கிட்டபோது, மருந்துண்டவர்களில் 100க்கு 67 பேர் உயிரோடிருந்தனர். மற்றவர்களில் ஏறத்தாழ 47 பேர். இடைப்பட்ட இருபது பேர் என்பது வெறும் எண்ணன்று. இருபது குடும்பங்களில் ஒரு தாய், ஒரு மகள், ஒரு சகோதரி.

கருப்பைப் புற்றுநோயிலும் இவ்வழியே பயன் கிடைத்துள்ளது. சில கட்டிகளில் டி.என்.ஏ. படியெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் பழுதாகியிருக்கும். அத்தகைய கட்டிகளுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் மருந்துகள் ஏற்றவை. 2017இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை, கட்டி எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல், இப்பழுதை மட்டுமே அடையாளமாகக் கொண்டு பெம்புரோலிசுமாப் என்ற மருந்துக்கு முதன்முறையாக அனுமதி வழங்கியது.

எல்லையும் உண்டு

இதைக் கேட்டு, எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று எண்ணிவிடலாகாது. ஓலபாரிப் உண்பவர்க்கு இரத்தச் சோகை, குமட்டல், சோர்வு உண்டாகலாம். அரிதாகச் சிலருக்கு இரத்தப் புற்றுநோயும் வரக்கூடும். பழுதுள்ள பி.ஆர்.சி.ஏ. மரபணுவைக் கட்டி தானாகவே சரிசெய்துகொண்டு மருந்துக்குத் தப்பிவிடுவதும் உண்டு. அன்றியும், பல சிகிச்சைகள் பெற்று நோய் மிக முற்றியவர்க்கும் இம்மருந்து அமெரிக்காவில் 2014 முதல் அனுமதிக்கப்பட்டிருந்தது. பின்னர் நடந்த வேறொரு சோதனையில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துச் சிகிச்சைகள் பெற்றவர்களிடையே, ஓலபாரிப் உண்டவர்களின் வாழ்நாள் பழைய மருந்துகள் பெற்றவர்களின் வாழ்நாளைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. 2022இல் அந்த ஒரு பயன் மட்டும் அங்கே விலக்கிக்கொள்ளப்பட்டது. தொடக்கத்தில் கொடுத்தால் நன்மை செய்யும் மருந்து கடைசியில் கொடுத்தால் அதே நன்மை செய்யும் என்பதில்லை. கொள்கை எத்தனை அழகாயிருந்தாலும், பொறுமையான, நேர்மையான சோதனையே இறுதித் தீர்ப்பு வழங்கவேண்டும்.

அச்சோதனைகளில் பங்கு கொண்ட பெண்களை நாம் மறக்கலாகாது. தமக்குக் கிடைப்பது மருந்தோ வெற்று மாத்திரையோ என்று அறியாமலே, பின்வரும் பெண்களுக்குப் பயன்படட்டும் என்று அவர்கள் இசைந்தனர். இவ்விசைவு கட்டாயத்தினால் வருவதாயிருக்கக் கூடாது. மருத்துவ ஆராய்ச்சியின் அறநெறி எல்லைகளைப் பற்றி 1952இல் மருத்துவர்களிடம் உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், நோயாளியின் சம்மதமின்றி அவருடைய உடலின்மீது மருத்துவருக்கு உரிமையில்லை என்பதை வலியுறுத்தினார். 1964இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி நகரில் வகுத்த நெறிமுறைகளும் இதையே அடிப்படையாகக் கொண்டன. சேர்ந்தபின் வேண்டாமென்று விலகவும் நோயாளிக்கு உரிமை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, பிறவிப் பழுது யாருடைய பாவத்தின் தண்டனையுமன்று, குடும்பத்தின் சாபமுமன்று. கண்ணின் நிறம் போல அது வந்து சேர்கிறது. பெற்றோருள் ஒருவரிடம் பழுது இருந்தால், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. வந்தவர் எல்லாருக்கும் நோய் வந்தே தீரும் என்பதுமில்லை.

இரண்டாவது, இப்பழுது தாய் வழியில் மட்டும் வருவதன்று. மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது அம்மாவையும் சித்தியையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், அத்தையையும் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்பகம் அல்லது சூலகத்தில் புற்றுநோய் கண்டவர் இருப்பின், மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

மூன்றாவது, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வயிறு உப்புசம், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை புதிதாகத் தோன்றிச் சில வாரங்கள் நீடித்தால், வாயுக்கோளாறு என்று கஷாயம் குடித்து நாள் கடத்தாதீர்கள். பெரும்பாலும் அது வேறு சிறு காரணமாயிருக்கும். ஆயினும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். சூலகப் புற்றுநோய் பெரும்பாலோரிடம் பரவிய பின்னரே கண்டறியப்படுகிறது என்பதே அதன் பெருந்துன்பம்.

மாணவியரே, பட்டாணிச் செடிகளை எண்ணிய துறவியும், நம்பாதோர் நடுவே ஆராய்ந்த அம்மையாரும், தம் உடலையே சோதனைக்குத் தந்த பெயர் தெரியாத பெண்களும் சேர்ந்து இம்மருந்தை நமக்குத் தந்துள்ளனர். உங்களுள் ஒருத்தி நாளை ஆய்வுக்கூடத்தில் நிற்கலாம். ஒருத்தி நோயாளியின் படுக்கையருகே செவிலியாக நிற்கலாம். அதுவரை, நம் வீட்டுப் பெண்கள் தம் உடல்நலக் குறையைக் கூச்சமின்றிச் சொல்லவும், சொல்வதை நாம் பொறுமையோடு கேட்கவும் பழகுவோமாக. இறைவன் அருளிய அறிவு அவர் படைத்த உயிர்களைக் காக்கப் பயன்படுவதாக!