கிணற்றுப் பங்கும் முந்திரிக் கணக்கும்

கொங்கு நாட்டு நிலப் பத்திரம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நான்கெல்லைகளையும் சொல்லி முடித்த பிறகு, கிணற்றில் மூன்றில் ஒரு பாகம், மின் மோட்டாரில் மூன்றில் ஒரு பாகம் என்பது போன்ற வரிகள் பல பத்திரங்களில் இருக்கும். அண்ணன் தம்பிகள் பூமியைக் கூறு போட்டுக் கொள்ளலாம். கிணற்றைக் கூறு போட முடியுமா? ஆகவே கிணறு பொதுவில் இருக்க, தண்ணீரை மட்டும் முறை வைத்துப் பாய்ச்சிக் கொள்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன், எட்டாம் வகுப்பு மாணவன், ஒரு நாள் என்னிடம் வந்தான்.

“சார், கிணற்றில் எங்கப்பாவுக்கு மூன்றில் ஒரு பங்குங்க. பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதே மாதிரிதான். இப்போது சித்தப்பாவின் பங்கிலிருந்து, கிணற்றில் நாலில் ஒரு பங்கை அப்பா விலைக்கு வாங்கியிருக்கிறார். மொத்தம் ஏழில் இரண்டு தானுங்களே?”

“அப்படியானால் பணத்தையும் கொடுத்து, இருந்த பங்கையும் அல்லவா குறைத்துக் கொண்டீர்கள், கண்ணு!” என்றேன்.

பையன் விழித்தான். கிணற்று நீரை 21 கூறாக்குவோம். அதில் 1/3 என்பது 7 கூறு. 2/7 என்பதோ 6 கூறுதான். பங்கு வாங்கியும் ஒரு கூறு நட்டம்! மேலே உள்ள தொகுதிகளைத் தனியாகவும் கீழே உள்ள பகுதிகளைத் தனியாகவும் கூட்டியதால் வந்த வினை இது.

ஒரு முழக் கயிற்றுடன் ஒரு சாண் கயிற்றைச் சேர்த்தால் நீளம் எவ்வளவு? ‘இரண்டு’ என்று நாம் சொல்வதில்லை. இரண்டு முழமா, இரண்டு சாணா என்ற கேள்வி உடனே எழுமல்லவா? முழத்துக்கு இரண்டு சாண். ஆகவே மூன்று சாண் என்கிறோம். (முடிச்சுக்குப் போகும் நீளத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்!) பின்னத்திலும் இதே கதைதான். 1/3 என்பதில் கீழே நிற்கும் 3 துண்டுகளின் எண்ணிக்கை அன்று. துண்டு எவ்வளவு பெரியது என்று சொல்லும் பெயர் அது. முழத்தையும் சாணையும் போல, மூன்றிலொன்றும் நாலிலொன்றும் வேறு வேறு அளவுகள். இரண்டையும் மிச்சமின்றி அளக்கக் கூடிய சிறிய அளவு ஒன்று வேண்டும். 3, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. எனவே தண்ணீர் முறையைப் பன்னிரண்டு நாள் என்று வைத்துக் கொள்வோம். அப்பாவின் பழைய பங்கு 4 நாள், வாங்கியது 3 நாள், ஆக 7 நாள், அதாவது 7/12. சித்தப்பாவுக்கு மிச்சம் 1 நாள், பெரியப்பாவுக்கு 4 நாள். பன்னிரண்டும் சரியாகப் போயிற்று.

இந்தச் சிறிய அளவை ஒவ்வொரு கணக்கிலும் தேட வேண்டியதுதானா? தேட வேண்டாதபடி ஒரு வழியை நம் முன்னோர் வகுத்திருந்தார்கள். ஒன்றை 320 கூறாக்கி, ஒரு கூறுக்கு முந்திரி என்று பெயரிட்டார்கள். இரண்டு முந்திரி அரைக்காணி. நான்கு முந்திரி காணி, அதாவது 1/80. பதினாறு முந்திரி மா, 1/20. இருபது முந்திரி மாகாணி, 1/16. இதையே வீசம் என்றும் சொல்வதுண்டு. நாற்பது அரைக்கால், எண்பது கால். மாகாணி என்ற பெயரைச் சற்று உற்றுப் பாருங்கள். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி! 1/20 + 1/80 = 5/80 = 1/16. வேற்றினப் பின்னங்களின் கூட்டல் ஒன்று ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தமிழ்ச் சொற்களில் இது ஒன்று.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்தார்கள். மும்மாவையும் (3/20) அரைக்காலையும் (1/8) கூட்டு என்றால், முந்திரியில் 48-ம் 40-ம் 88. அதில் 80 கால், மீதி 8 அரைமா. விடை, காலே அரைமா. முந்திரியும் போதாதபோது அதையே 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றார்கள், அது 1/1,02,400. தஞ்சைப் பெரிய கோவிலில் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுகள் நிலங்களை இத்தகைய கீழ்ப்பின்னங்களிலேயே அளந்து சொல்கின்றன. இப்பின்னக் குறிகள் 2019-இல் வெளிவந்த யூனிகோட் 12.0 பதிப்பில் இடம்பெற்றுக் கணிப்பொறிக்குள்ளும் வந்துவிட்டன.

ஆனால் நம் கிணற்றுக் கணக்கை முந்திரியில் போட்டால் சிக்கிக் கொள்வோம். 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகி வந்த எண். அதில் மூன்று இல்லை. எனவே 1/3 என்பது 106 முந்திரிக்கு மேல் முந்திரியில் மூன்றில் இரண்டு. கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் 213 போக மூன்றிலொன்று மிஞ்சுகிறது. எத்தனை படி இறங்கினாலும் மிச்சம் தீராது. இதைப் பழங்கணக்கின் குறை என்று எண்ணிவிடாதீர்கள். நம் தசம முறையில் 0.333... என்று முடியாமல் ஓடுவதும் இதே காரணத்தால்தான். பத்திலும் மூன்று இல்லை.

பழைய ரூபாய் இதில் கெட்டி. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வருவதற்கு முன், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192 தம்பிடி. அதில் மூன்று இருந்தது. ரூபாயில் மூன்றிலொரு பங்கு சரியாக ஐந்தணா நான்கு தம்பிடி. அதனுடன் நாலணாவைச் சேர்த்தால் ஒன்பதணா நான்கு தம்பிடி, அதாவது 112/192. சுருக்கிப் பாருங்கள், 7/12 தான். நூறு காசில் 33 போக மிஞ்சும் ஒரு காசை மூவரும் எப்படிப் பிரிப்பது?

பையனின் அப்பாவுக்குப் பன்னிரண்டு நாள் முறை பிடிக்கவில்லை. கிழமை மாறிக் கொண்டே போகும், நினைவில் நிற்காது என்றார். நியாயந்தான். வாரத்துக்கு 7 நாள், மூன்றாலும் வகுபடாது, நான்காலும் வகுபடாது. மணிக்கணக்குக்கு இறங்கினோம். வாரத்துக்கு 168 மணி நேரம். 56-ம் 42-ம் 98. சித்தப்பாவுக்கு 14, பெரியப்பாவுக்கு 56. இப்போது திங்கட்கிழமை காலை 6 மணிக்கு அவர் முறை தொடங்குகிறது; வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு மோட்டாரை அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும்.